திருடன் கூட்டி வைத்த நாலு வரி

ஹட்டன் என்கிற தேயிலை ஊரின் கடைவீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத மரப்படி ஒன்று உண்டு. படி முடிகிற இடத்தில் 'துப்பறியும் சோலைமலை' என்று ஒரு பலகை தொங்கியது. எழுதிய ஆசாமி 'துப்பறியும்' என்ற சொல்லுக்கே முக்கால் பலகையைத் தீர்த்துவிட்டதால், சோலைமலை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தார். நேரில் பார்த்தால் அப்படி ஒடுங்குகிற ஆளாகத் தெரியமாட்டார். ரயில்வே பார்சல் ஆபீசில் இருபது வருஷம், காணாமல் போன மூட்டைகளைத் தேடிப் பிடித்தவர். உலகத்தில் எதுவும் தொலைவதில்லை, தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

அவருக்கு உதவியாளன் அழகன். முன்பு மஸ்கெலியா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ் முதலாளியின் மைத்துனர் ஒருநாள் டிக்கெட் எடுக்காமல் சாய்ந்து உட்கார்ந்திருக்க, "தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததுக்குப் பஸ்ஸை எழுதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு வேலை போயிற்று. வாய் மட்டும் அவனோடு பத்திரமாக இறங்கி வந்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. மரப்படி முனகியது. கழுத்துப் பித்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையும், தேயிலைச் சாறு ஏறிக் கறுத்த விரல்களுமாக ஒரு நாற்பது வயதுக்காரர் மேலே வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"பேரு பழனியாண்டிங்க. ஊசிமலைத் தோட்டம். ஃபேக்டரியில ரோலர் மிஷின்ல வேலை. சாயங்காலத்துல மணிக்குயில் இசைக்குழுவுல ஆர்மோனியம்," என்று ஒரே மூச்சில் சொன்னார். "என் பாட்டைக் களவாண்டுட்டாங்க ஐயா."

"பாடிக்கிட்டு இருக்கும்போதா, வாயை மூடுனப்புறமா?" என்றான் அழகன்.

சோலைமலை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார்.

பழனியாண்டி சொன்னார். ஒரு வருஷத்துக்கும் முன்பே அறிவித்த பாட்டுப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைக்காரர்கள் சங்கம் நடத்துகிறது. சினிமாப் பாட்டு கூடாது, பழைய பாட்டும் கூடாது. மெட்டும் வரியும் சொந்தமாக இருக்கவேண்டும். மணிக்குயில் குழுவின் நாலு பேருக்கும் இந்த விதிதான் இடித்தது. எந்தச் சினிமாப் பாட்டையும் கிராமபோன் பிளேட்டில் இரண்டு தரம் கேட்டால் போதும், மூன்றாம் தரம் அச்சாக வாசித்துவிடுவார்கள். சொந்தமாக எழுது என்றால்தான் ஒரு வரியும் வராது.

"டோலக் அடிக்கிற மூக்கன் ரெண்டு வரி எழுதிக் கொண்டாந்தான். ரெண்டும் சினிமாப் பாட்டுங்க. அவனுக்கே தெரியல, பாவம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நான் எழுத உட்கார்ந்தா நிலா வந்துரும். நிலா வந்தா பின்னாலேயே தாமரை வந்துரும்."

"ஊசிமலையில தாமரை எங்கே இருக்கு?"

"மூக்கனும் அதைத்தான் கேட்டான்," என்றார் பழனியாண்டி வருத்தத்தோடு. "பதினோரு மாசம் எழுதி எழுதிக் கிழிச்சேன். ஒருநாள் காலையில பனி மூட்டத்துல வேலைக்குப் போறேன், முன்னால போற ஆள் தெரியல. அப்பத்தான் தானா வந்துச்சு. பல்லவி நாலு வரி, சரணம் நாலு வரி. ரெண்டாவது சரணம் மூணு மாசமா இழுத்துக்கிட்டு இருக்கு. போட்டிக்கு அந்த எட்டு வரியைத்தான் குடுத்தேன்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, நெஞ்சோடு ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு நீட்டினார். அழகன் உரக்கப் படித்தான்.

போற பனியே, பொறு பனியே,
பொழுது இன்னும் விடியலையே.
ஏற மலை எட்டு இருக்கு,
என் மச்சான் முகம் தெரியலையே.

கூடையில கொழுந்திருக்கு,
கொழுந்து மேல பனியிருக்கு,
ஆடையெல்லாம் நனைஞ்சிருக்கு,
அவருக்கென்ன நெனப்பிருக்கு.

கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. அது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"நேத்து சங்கத்துச் செக்ரட்டரி, துணிக்கடை நல்லமுத்து ஐயா கூப்பிட்டனுப்பினாரு," என்றார் பழனியாண்டி. "குருவிமலைத் தோட்டத்துக் கிளாரினெட் தங்கவேலுவும் இதே பாட்டைத் தன் பேர்ல குடுத்திருக்கானாம். அவன் எழுதிக் குடுத்த ஃபாரத்துல பன்னெண்டு வரி இருக்காம். என்னோடதைவிட நீளம், அதனால அதுதான் முழுப்பாட்டுங்குறாங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள நான் எழுதினதுன்னு சாட்சி காட்டணும். இல்லேன்னா ரெண்டு பேர் பேரையும் அடிச்சுருவாங்களாம். ஃபேக்டரியில இப்பவே களவாண்ட பாட்டுக்காரன்னு கூப்பிடுறானுங்க. என் ஆயுசுல நான் சொந்தமா செஞ்சது இந்த எட்டு வரிதாங்க. அதையும் என்னுது இல்லைன்னு சொன்னா எனக்குத் தாங்காது."

சோலைமலை நோட்டை மூடினார். "எட்டு மூட்டை அனுப்பி பன்னெண்டு மூட்டையா வந்து சேர்ந்த பார்சலை நான் சர்வீஸ்ல பார்த்ததில்ல. திருடுறவன் குறைப்பான். இவன் கூட்டி வச்சிருக்கான். நோட்டை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கல. தேயிலைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டியிருக்கேன். குழுவுக்கு மெட்டு மட்டும்தான் குடுத்தேன், முழுசா முடிஞ்சப்புறம் வரியைச் சொல்லலாம்னு. எழுதின அன்னைக்கு என் சம்சாரத்துக்கு மட்டும் ஆர்மோனியம் வச்சுப் பாடிக் காட்டினேன். நாலஞ்சு தரம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ம்'னா." பழனியாண்டியின் முகம் சுருங்கியது. "அதோட விட்டாலும் பரவாயில்லைங்க. அன்னையிலருந்து தினமும் மலையிலருந்து வந்து, முதுகுல இருக்கிற கூடையை இறக்குறதுக்கு முன்னாலயே கேக்குறா, 'அடுத்த வரி என்ன ஆச்சு?'ன்னு. மூணு மாசமா இதே நக்கல். மனுஷன் வரி வராம வெந்துக்கிட்டு இருக்கேன். நோட்டை அவகிட்ட காட்டுறதையே விட்டுட்டேன். இந்தக் களவு விஷயத்தையும் அவகிட்ட சொல்லல."

"விடுங்க," என்றான் அழகன் ஆதரவாக. "நான் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்குள்ள என் சம்சாரம் கேப்பா, 'இன்னைக்கு எந்தத் திருடனைப் பிடிச்சீங்க?'ன்னு. நாலு வருஷமா இதே கேள்வி. நான் பதில் சொல்றதையே நிறுத்திட்டேன்."

ஊசிமலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பழனியாண்டியின் ஒற்றை அறைக் காம்பிரா, வரிசையில் கடைசி. வாசலில் கதவுக்குப் பதிலாக, நீலச் சீலையில் பாதி தொங்கியது.

"மீதிப் பாதி எங்கே?" என்றான் அழகன். வாய் சும்மா இருக்காதே.

"என் சம்சாரம் வடிவு தலைக்குக் கட்டிக்கிறா. எல்லாரும் கம்பளி போட்டுக்கிட்டு மலைக்குப் போறாங்க, இவளுக்கு மட்டும் கம்பளி கனக்குதாம்."

தேயிலைப் பெட்டியின் பூட்டை யாரும் நெம்பிய அடையாளமே இல்லை. சாவி இருந்தும் அதைத் திறக்க அழகனும் பழனியாண்டியும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சோலைமலை பூட்டை ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டு எதிரே இருந்த மலையைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே பச்சைக்கு நடுவில் பொட்டுப் பொட்டாகப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது எந்தத் தோட்டம்?"

"அதுதாங்க குருவிமலை. தங்கவேலுவோட தோட்டம்," என்றார் பழனியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு. "நடுவுல ஓடை. பாலம் இல்ல. ரோட்டால சுத்திப் போனா நாலு மைல்."

"நாலு மைலா?" என்ற சோலைமலை, அந்த மலையை மறுபடியும் பார்த்தார். "சரி, நீங்க இங்கேயே இருங்க. சாயங்காலம் வர்றோம்."

நாலு மைலில் இரண்டரை மைல் பஸ்ஸில் போனார்கள். மீதி நடை. நடக்கும்போது அழகன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான்: மூக்கன்தான் குற்றவாளி, சினிமாப் பாட்டையே தன்னுடையது என்று நினைக்கிறவன் பக்கத்து ஆள் பாட்டை விடுவானா என்று.

"மூக்கனுக்கு வரியே தெரியாதே," என்றார் சோலைமலை.

"அதனாலதான் சந்தேகம் வலுக்குது அண்ணே."

குருவிமலைத் தோட்டத்தின் தச்சுக் கொட்டிலில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார் தங்கவேலு. ஒல்லி உடம்பு. வாய் நிறைய ஆணி. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் ஒவ்வொரு ஆணியாக எடுத்து வைத்துவிட்டு முறைத்தார்.

"நான் எவன் பாட்டையும் எடுக்கல. இது எங்க மலைப் பாட்டு. எங்க பொம்பளைங்க பாடுறாங்க. ஆதி காலத்துப் பாட்டு."

"ஆதி காலத்துப் பாட்டுன்னா போட்டியில சேர்த்துக்க மாட்டாங்களே," என்றார் சோலைமலை சாந்தமாக. "நீங்க சொந்தப் பாட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

தங்கவேலு சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் வடிந்த குரலில், "எட்டு மாசம் முயற்சி பண்ணினேன் ஐயா. பொய் சொல்லல. எழுத உட்கார்ந்தா நிலா வருது," என்றார்.

"பின்னாலேயே தாமரை வருதா?" என்றான் அழகன்.

தங்கவேலு திடுக்கிட்டுப் போனார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது இந்தப் பக்கமெல்லாம் பரவியிருக்கிற வியாதி. நீங்க மேல சொல்லுங்க."

மேலே சொல்ல அதிகம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் கொழுந்து மலையிலிருந்து பாட்டு காதில் விழுந்திருக்கிறது. பழைய பாட்டுத்தானே, ஹட்டனில் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனிதர் தன் பேரைப் போட்டுவிட்டார். எழுதியவர் என்று ஒரு ஆள் உயிரோடு, அதுவும் எதிர்த் தோட்டத்திலேயே இருப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஒரு தரம் பாடிக் காட்டுங்க," என்றார் சோலைமலை.

தங்கவேலு பாடினார். நல்ல குரல். ஆனால் இரண்டு வரி பாடியதும் சட்டென்று நின்றார். மூச்சு வாங்குகிறார் போல என்று அழகன் நினைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுகிற நேரம் கழித்து அடுத்த இரண்டு வரி. மறுபடியும் அதே நிறுத்தம்.

"நடுவுல எதுக்குய்யா நிப்பாட்டுறீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. எங்க பொம்பளைங்க அப்படித்தான் பாடுறாங்க. ரெண்டு வரி, அப்புறம் சும்மா நிக்கிறது. காலியா கிடக்கேன்னு நான் அதுல கிளாரினெட்டை நுழைச்சுட்டேன்."

சோலைமலையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அழகன் கவனித்தான். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். நாலு வருஷம் பழகியவனுக்கு அது தெரியாதா? அதற்குள் தங்கவேலு அந்தக் கூடுதல் சரணத்தைப் பாடினார்.

ஓடை தாண்டி வந்த சொல்லு
பாதியில நின்னதென்ன?
வாடையில காத்திருக்கேன்,
நீலச் சீலை, மீதி என்ன?

"காதல் பாட்டுங்க," என்று விளக்கமும் சொன்னார். "ஒருத்தன் நீலச் சீலைக்காரியைப் பார்த்துக் கேக்குறான்."

"இதுவா காதல்?" என்றான் அழகன். "பஸ்ஸுல இதே கேள்வியை ஒரு நாளைக்கு நூறு பேர் என்கிட்ட கேப்பாங்க, மீதி எங்கேன்னு. ஒருத்தர் முகத்துலயும் நான் காதலைப் பார்த்ததில்ல."

சோலைமலை வாசலை நோக்கி நடந்தவர் நின்றார். திரும்பினார். "அழகா, உனக்குச் சம்பளம் குடுக்கிறது வீண் இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"என்ன அண்ணே சொல்லிட்டேன்?"

"இது காதல் பாட்டு இல்லடா. புகார்க் கடுதாசி. அனுப்பினதுல பாதிதான் வந்துச்சு, மீதி எங்கேன்னு கேட்டு இருபது வருஷம் எனக்கு வந்த கடுதாசியெல்லாம் இதே தினுசுதான். தங்கவேலு, உங்க ஆளுங்க மத்தியானம் கொழுந்து நிறுக்கிறது எங்கே?"

கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ஓடையைப் பார்த்த சரிவில் இருந்தது. நாற்பது பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் ஊசிமலை. தங்கவேலுவும் கூடவே வந்திருந்தார். தன் பாட்டு யாருடையது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருக்காதா?

"நாற்பது பேருல ஒருத்திதான் அந்தப் புகாரைக் கட்டினவ," என்று முணுமுணுத்தான் அழகன். "யாருன்னு கேட்டா சொல்லுவாங்களா? வேத்தாளைப் பார்த்தா வாயையே திறக்கமாட்டாங்க."

"கேக்க வேணாம். நீ பாடு."

"நானா?"

"முதல் ரெண்டு வரி. உன் பஸ் குரல்ல. பாடிட்டு அப்படியே நிப்பாட்டு."

அழகன் எத்தனையோ பஸ்ஸில் எத்தனையோ ஊர்ப் பேரைக் கூவியிருக்கிறான். இந்த மாதிரி வெட்கப்பட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்துவிட்டான்: "போற பனியே, பொறு பனியே, பொழுது இன்னும் விடியலையே." அந்தக் குரலைக் கேட்டால், பஸ் புறப்படுகிறது என்று நினைத்து நோட்டன் பிரிட்ஜ் ஊருக்குப் போகிற ஆட்களே ஏறி உட்கார்ந்திருப்பார்கள். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டார்.

சோலைமலை சிரிக்கவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது பேர் அழகனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் அழகனைப் பார்க்கவே இல்லை. பாட்டு நின்றதும் சட்டென்று திரும்பி எதிர்மலையைப் பார்த்தாள்.

சோலைமலை நேராக அவளிடம் போனார். "அம்மா, அந்த நாலு வரியைக் கட்டி மீதி கேட்டது நீங்கதானே?"

அவள் பேர் பேச்சியம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆளைப் பார்த்தால் கணக்கப்பிள்ளையே ஓரடி தள்ளி நிற்பார் போலிருந்தது.

"கேட்டேன். அதுக்கு என்னா?" என்றாள். "நாங்க கீழ்மலையில பறிக்கிறப்ப எதிர்மலையிலருந்து பாடுவாங்க. ரெண்டு வரி பாடிட்டு நிப்பாட்டுவாங்க. நாங்க வாங்கிப் பாடணும். அப்புறம் அவங்க அடுத்த ரெண்டு வரி. எங்க அம்மா காலத்துலருந்து அப்படித்தான். மூணு மாசத்துக்கு முன்னால ஒருத்தி இந்தப் பாட்டை எடுத்தா. அம்மாடி, அப்படி ஒரு பாட்டு. எட்டு வரி பாடுனா. அதோட நிப்பாட்டிட்டா."

"யாரு அவங்க?"

"இம்புட்டுத் தூரத்துல முகம் எங்க தெரியும்? மத்தவங்க எல்லாம் கம்பளி, இவ தலையில நீலத் துணி. பனி விலகுனா கையை ஆட்டுவா. மீதிக்கு நாங்க ரெண்டு மாசம் காத்துக் கிடந்தோம். அவ திரும்பத் திரும்ப அதே எட்டு வரி. எனக்குப் பொறுக்கல. அதே மெட்டுல நாலு வரி கட்டிக் கேட்டுப்புட்டேன்." கூடையைத் தோளில் சரி செய்துகொண்டாள். "பதில் கொண்டாந்திருக்கீங்களா?"

அழகன் சோலைமலையைப் பார்த்தான். ஊசிமலை லயத்து வாசலில் தொங்கிய பாதிச் சீலை இப்போதுதான் அவன் மண்டைக்குள் வந்து ஆடியது.

"அண்ணே, அந்த மீதிப் பாதி," என்றான்.

"பூட்டைப் பார்த்தப்பவே நோட்டை எவனும் தொடலைன்னு தெரிஞ்சுது," என்றார் சோலைமலை. "அந்தக் காலி இடத்தைக் கேட்டப்பத்தான் எப்படிப் போச்சுன்னு புரிஞ்சுது. ஒரு அறைக்குள்ள கத்துக்கிட்ட பாட்டுல அவ்வளவு இடைவெளி இருக்காது. குரல் ஓடையைத் தாண்டணும், அந்தப் பக்கத்துப் பதில் திரும்பி வரணும். அதுக்கான நேரம் அது."

தங்கவேலு நீண்ட பெருமூச்சு விட்டார். "நான் நாளைக்கே வந்து என் பேரை அடிச்சுடறேன். ஆனா அந்தக் காலி இடத்துல என் கிளாரினெட் நல்லாத்தான் இருந்துச்சு. அதை மட்டும் பாட்டு எழுதினவர்கிட்ட சொல்லிருங்க."

நாளை ஹட்டனுக்கு வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று பேச்சியம்மாவிடம் கேட்டார் சோலைமலை. அவள் யோசிக்கவே இல்லை.

"வர்றேன். ரெண்டு விஷயம். அந்த நீலத் துணிக்காரியை நான் பார்க்கணும். இன்னொண்ணு, அந்த நாலு வரி என்னுது. அது எவன் பேர்லயும் போகக்கூடாது."

சாயங்காலம் ஊசிமலை லயத்துக்குத் திரும்பியபோது பழனியாண்டி வாசலிலேயே நின்றிருந்தார். "பிடிச்சீங்களா ஐயா? யாரு களவாணி?"

"இன்னும் வேலை விட்டு வரல," என்றார் சோலைமலை. "இப்ப வந்துருவாங்க. கொஞ்சம் தேத்தண்ணி குடுங்க."

தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தபோதே மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக வடிவு என்கிற சண்முகவடிவு வந்தாள். தலையில் நீலத் துணி நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே வேற்று ஆட்கள் இருப்பது தெரியாமல், கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த வரி என்ன ஆச்சு?"

"பார்த்தீங்களா?" என்றார் பழனியாண்டி சோலைமலையிடம். "நான் சொல்லல? தினமும் இதே நக்கல்."

"நக்கலா?" என்றாள் அவள்.

"வேற என்னா?"

சோலைமலை எழுந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். "அம்மா, எதிர்மலையிலருந்து வர்றோம். பேச்சியம்மான்னு ஒருத்தங்க உங்களைப் பார்க்கணுமாம்."

சண்முகவடிவு கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அவங்க பேரு பேச்சியம்மாவா? ஒரு மாசமா கேக்குறாங்க, மீதி என்னன்னு. நான் என்னத்தைச் சொல்ல? பனி மூட்டம் எங்க இருக்கோ அங்க போய் நின்னு பறிக்கிறேன், துணி தெரிஞ்சுறக் கூடாதுன்னு."

பழனியாண்டிக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பாட்டு எதிர்மலைக்குப் போய், தங்கவேலு பேரில் ஹட்டனுக்குப் போய், தன்னைக் களவாணி ஆக்கிய கதையைக் கொட்டித் தீர்த்தார். "நோட்டைப் பூட்டி வச்சேன். சாவியை இடுப்புல கட்டினேன். நீயா என் பாட்டை ஊர் மேய விட்டே?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதே. நீங்க சொல்லவே இல்லையே." அவள் கண் கலங்கியது. "தினமும் அந்தம்மா கேக்குறதை நான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க."

"பாட்டு பிடிச்சிருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? 'ம்'னு சொன்னே."

"பிடிக்காத பாட்டை எவளாவது மழையில நின்னு ஒரு மலைக்கு இன்னொரு மலை கேக்குற மாதிரி பாடுவாளா?" என்றாள் சண்முகவடிவு. "யாரு எழுதினதுன்னு நான் எவகிட்டயும் சொல்லல. என் புருஷன் எழுதினதுன்னு முதல்லயே சொன்னா, எனக்காகத்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவாளுங்க. ரெண்டு மலையும் பாடட்டும், அப்புறம் ஒருநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பழனியாண்டி ஆர்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்தார். ரோலர் மிஷினோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய மனிதர். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பேச்சியம்மா சாட்சிக்கு வருவாங்க," என்றார் சோலைமலை. "உங்க எட்டு வரி உங்களுக்கு வந்துரும். ஆனா நோட்டுல எழுதிக்குங்க, கடைசி நாலு வரி அவங்க கட்டினது, அவங்க பேர்லதான் போகணும்."

இது சின்ன விஷயமில்லை. மூன்று மாதமாக இழுத்த சரணத்தை ஒரு பெண் கூடையை முதுகில் வைத்துக்கொண்டே கட்டிவிட்டாள் என்பதை எந்தப் பாட்டுக்காரன் சுலபமாக ஒப்புக்கொள்வான்? பழனியாண்டி அழகனிடம் அந்த நாலு வரியைச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார்.

"என்னோடதைவிட இது நல்லா இருக்கு," என்றார் கடைசியில். சொல்லும்போது பல்வலிக்காரர் முகம் மாதிரி இருந்தது. நோட்டை எடுத்து, நாலு வரியையும் எழுதி, கீழே 'குருவிமலை பேச்சியம்மா' என்று தெளிவாக எழுதினார்.

"நல்ல காரியம்," என்றான் அழகன். "ஒரு நிலாவும் உள்ள வராம பார்த்துக்கிட்டாங்க."

"அவங்க கேள்வியில முடிச்சிருக்காங்க," என்றாள் சண்முகவடிவு. "பதில் இல்லாம மேடையில எப்படிப் பாடுவீங்க?"

பழனியாண்டி பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். சோலைமலையும் அழகனும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டத் தொடங்கினார்கள். பழனியாண்டி மூலையிலிருந்த தேயிலைப் பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், ஒரு வரி எழுதினார். அதை வாய்விட்டுப் பாடினார்.

"பாதிப் பாட்டு பெட்டிக்குள்ள..."

அதோடு நின்றுவிட்டது. பென்சில் நகரவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"வடிவு, அடுத்த வரி என்ன?"

அவள் இன்னும் கூடையை இறக்கியிருக்கவில்லை. தலையிலிருந்த நீலத் துணியை மட்டும் அவிழ்த்தாள்.

"மீதிப் பாட்டு மலை மேல," என்றாள்.

பஸ் நோர்வூட்டைத் தாண்டும்வரை அழகன் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுக் கண்டக்டர் தப்பாக மீதி கொடுத்ததைக்கூடக் கேலி செய்யவில்லை. சோலைமலைக்குக் கவலையாகிவிட்டது.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"அண்ணே," என்றான் அழகன். "இன்னைக்கு எந்தத் திருடனைப் பிடிச்சீங்கன்னு வீட்டுல கேப்பான்னு காலையில சொன்னேன்ல?"

"ஆமா. நக்கல்னு நினைச்சு நீ பதில் சொல்றதையே நிறுத்திட்டே."

"நாலு வருஷமா அவ உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேட்டிருப்பாளோ?"

ஹட்டன் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பி நிற்பதற்குள் அழகன் கீழே குதித்து, வீட்டுப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினான்.